காப்புக் கட்டிய கை

ஆவணி 20, வெள்ளி

திருவிளக்கு பூஜைக்கு இன்று இருபத்து மூன்று விளக்கு. போன வாரத்தைவிட இரண்டு கூட. ரைஸ்மில் தெரு மருமகள்கள் இரண்டு பேர் புதிதாக வந்திருந்தார்கள். நூற்றெட்டுப் போற்றியில் அறுபதுக்கு மேல் எங்கோ ஒன்று விட்டுப்போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கின் முன் உட்கார்ந்து அந்த ஒன்றைச் சொல்லி ஈடுகட்டினேன்.

சுண்டல் கொடுக்கும்போது எதிர்வீட்டு வனசுந்தரி கேட்டாள்: “கனகம், நீங்க உடன்குடிப் பக்கந்தான? என் மவன் போன்ல ஒண்ணு பாத்துக்கிட்டே கெடக்கான். குலசை தசராவுக்குக் காளி வேஷம் கட்டுன ஒருத்தன் ஒரு ஆள வெட்டிக் கொன்னுட்டானாம். நெசமா நடந்த கதையாம், நாலு பாகமாம். ஒங்களுக்குத் தெரியுமா?”

“கேள்விப்பட்டிருக்கேன்” என்றேன்.

உளுந்து ஊறப்போட்டேன். அவருக்குப் பிரஷர் மாத்திரையும் வெந்நீரும் ஸ்டூலில் வைத்தேன். எதையும் ஸ்டூலில் வைப்பதுதான் இந்த வீட்டில் வழக்கம்.

ஆவணி 21, சனி

இட்லி, தேங்காய்ச் சட்னி. அவர் லோடு ஆட்டோவில் முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு நாகர்கோவில் போனார். வேறு ஒன்றும் இல்லை.

ஆவணி 22, ஞாயிறு

காலையில் நிலா விடுதியிலிருந்து கூப்பிட்டாள். நர்சிங் இரண்டாம் வருஷத் தேர்வு நெருங்குகிறதே, படிப்பைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

“அம்மா, ‘செந்நாக்கு’ன்னு ஒரு படம் வந்திருக்கு. அதுல வார லிங்கதுரை நம்ம அப்பாவா?”

அடுப்பை அணைத்துவிட்டு, “ஆமா” என்றேன்.

“எனக்கு அஞ்சு வயசுல அப்பா பம்பாய்ல வேல பாத்தாங்கன்னு சொன்னீங்களே, அது பாளையங்கோட்டை ஜெயிலா?”

“ஆமா.”

“அப்பா செஞ்சாங்களாம்மா?”

“கோர்ட்டே விட்டுருச்சில்லா?”

“நான் கோர்ட்டக் கேக்கலம்மா. ஒங்களக் கேக்கேன்.”

பால் பொங்குகிறது, பிறகு பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆவணி 23, திங்கள்

அவர் மண்டிக்குப் போன பிறகு, நிலாவின் பழைய போனில் நாலு பாகத்தையும் பார்த்தேன். நடுவில் சமைத்தேன், துணி காயப்போட்டேன்.

என்றைக்காவது நிலா இதைப் படிக்கலாம். அதனால் நடந்ததை முறையாக எழுதிவைக்கிறேன்.

நிலாவுக்கு இதயத்தில் ஓட்டை என்று டாக்டர்கள் சொன்ன வருஷம், நான் குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். பிள்ளை பிழைக்க வேண்டும், அதற்காக அவள் அப்பா தசராவுக்குக் காளி வேஷம் கட்டுவார் என்று. மற்ற வேஷம் மாதிரி இல்லை காளி. நாற்பத்தோரு நாள் விரதம். ஒரு வேளை பச்சரிசிச் சோறு. திருவிழாவின் பத்து நாளும் வீட்டுக்கு வரக் கூடாது. ஊர்க் குடிலிலேயே தங்க வேண்டும். கொடியேறிக் கையில் காப்புக் கட்டிய பிறகு அந்த உடம்பு மனுஷ உடம்பு கிடையாது, அம்மனுடையது. அவரும் மறுபேச்சில்லாமல் கட்டினார். சடாமுடி, கிரீடம், பக்கத்துக்கு நாலாகத் தகரக் கை, சிவப்புச் சேலை, தொங்கும் நாக்கு.

எட்டாம் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் ஊரான நெடுந்தேரியில், கருப்பட்டி மூட்டை அடுக்கும் கிட்டங்கி வைத்திருந்த ஞானபெருமாளை யாரோ வெட்டிக் கொன்றார்கள். கிட்டங்கிச் சந்திலிருந்து காளி வெளியே ஓடியதை ஒரு பெண் பார்த்தாள். ஊரில் அந்த வருஷம் காளி ஒருவர்தான். அதற்கு ஒரு மாதம் முன்னால் நடைபாதைத் தகராறில் இவரும் ஞானபெருமாளும் சட்டையைப் பிடித்துக்கொண்டதை ஊரே பார்த்திருந்தது. குடிலில் இருந்த இவருடைய சேலையில் ரத்தம்.

ஏழு மாதம் ஜெயில். அப்புறம் ஜாமீன். நாலு வருஷம் கழித்து விடுதலை. நிலாவின் ஆபரேஷன் அவர் உள்ளே இருக்கும்போதே நடந்தது. நான்தான் மதுரையில் இருந்தேன். பிள்ளை பிழைத்தாள். விடுதலை ஆனதும் யாருக்கும் நம்மைத் தெரியாத இந்த வள்ளியூருக்கு வந்தோம்.

படத்தில் இதெல்லாம் வருகிறது. சேலை வருகிறது, மூன்று தடவை. சந்தில் பார்த்த பெண் வருகிறாள். வெட்டுப்பட்டவர் மனைவி அழுகிறாள். அவள் அழும்போது நானும் அழுதேன். கடைசியில் ஒரு குரல், “லிங்கதுரை விடுதலை செய்யப்பட்டார். அப்படியானால் அந்தக் காளி யார்?” என்று கேட்டுவிட்டு அவருடைய பழைய போட்டோவைக் காட்டுகிறது. காட்டிக்கொண்டே இருக்கிறது.

ஏன் விட்டார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

எனக்கும் தெரியாது. நான் கோர்ட்டுப் பக்கம் போனதில்லை. “நீ வரக் கூடாது, பிள்ள மேல சத்தியம்” என்று சொல்லிவிட்டார். கேட்கக் கூடாத ஏதோ அங்கே இருக்கிறது என்று மட்டும் புரிந்துகொண்டேன். வந்த நாளிலிருந்து அவர் கறி, மீன் தொடுவதில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. எனக்குத் தோன்றிய காரணத்தை இங்கே எழுதப்போவதும் இல்லை.

ஆவணி 25, புதன்

மண்டியில் இவரை லோடுக்குக் கூப்பிடவில்லை. பதினோரு மணிக்கே திரும்பி வந்து வாசல் படியில் உட்கார்ந்தார்.

“பாத்துட்டியா?” என்றார்.

“பாத்தேன்.”

“நிலா பாத்துட்டாளா?”

“பாத்துட்டா. நீங்கதான் பேசணும்.”

“நான் என்னத்தப் பேச? உண்மை என்னன்னு அம்மாளுக்குத் தெரியும்.”

“அம்மாளுக்குத் தெரிஞ்சது எனக்குந் தெரியலாம்லா?”

அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. களவு செய்து பிடிபட்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்தது. “விடுட்டி, வேண்டாம்” என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக் கழுவப் போய்விட்டார். ஏற்கெனவே கழுவிய ஆட்டோ.

மதியம் புளிக்குழம்பு. உப்பு கூடிவிட்டது. தானே இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

ஆவணி 27, வெள்ளி

விளக்கு ஆறு.

கோயில் தர்மகர்த்தா சங்கரவேலு, தூணுக்குப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார்: “தப்பா எடுத்துக்கிடாதீங்க தாயி. நவராத்திரி வருது. இந்த ஒரு மாசம் மட்டும் வேற ஒருத்தர் போற்றி சொல்லட்டும். சனங்க ஒரு மாதிரிப் பேசுதாவ.”

“என்ன பேசுதாவ?”

“காளியம்மா வீட்டுக்காரின்னு.”

என்னை அம்மன் பெயரால் சொன்னதற்குக் கோபப்படக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணி 29, ஞாயிறு

அவர் பெட்ரோல் போடப் போயிருந்தபோது வாசலில் ஒரு பைக் நின்றது. வெள்ளைச் சட்டை, மருதாணி வைத்த தாடி, அறுபது வயதிருக்கும். யாரென்று தெரியவில்லை.

“லிங்கதுரை அண்ணன் வீடுதான? நான் உதுமான். ஆலடி விலக்குல பரோட்டாக் கடை வச்சிருக்கேன்” என்றார். உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டார். “நீங்களே சொல்லுங்கம்மா, இது ஞாயமா? ரெண்டு கார்ல வந்தாங்க. ஒரு பொண்ணு, நாலு பையன். அரை நாள் கடைய அடைச்சுட்டுப் பேட்டி குடுத்தேன். தாடிக்கு மருதாணி வச்சேன், இந்தப் பாருங்க. கல்லுக்கு முன்னால நில்லுங்கன்னாங்க, நின்னேன். பரோட்டாவ வீசுங்கன்னாங்க, வீசுனேன். அவங்க தின்ன பரோட்டாவே முப்பது. நேத்து வீடு நெறைய சொந்தக்காரங்களக் கூட்டி வச்சு டிவில போட்டுப் பாத்தா, நான் எங்கேயும் இல்ல! என் கல்லு கூட இல்ல! என் மச்சினன் ஒருத்தன் இருக்கான், ‘மாமா, மாவு பிசையும்போது ஒங்களயும் சேத்துப் பிசைஞ்சுட்டாங்களா’ங்கான்.”

“ஒங்கள எதுக்குப் பேட்டி எடுத்தாங்க?” என்றேன்.

“எதுக்கா? கேஸே என்னால நின்ன கேஸும்மா. எதிரி தரப்பு ஒண்ணாம் சாட்சி நானு! ஜட்ஜ் ஐயா என்னைய மூணு தடவ...” என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். “அண்ணன் ஒங்ககிட்ட ஒண்ணுஞ் சொல்லலயா?”

“நீங்க சொல்லுங்க.”

“யம்மா, என்னைய மன்னிக்கணும். சத்தியம் வாங்கியிருக்காரு. என் கடை மேல அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன், அதுவும் கல்லு சூடா இருக்கும்போது.” எழுந்துவிட்டார். “படத்துக்காரங்களுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ‘அத வச்சா கடைசிப் பாகத்துல சஸ்பென்ஸ் நிக்காது பாய்’ங்காங்க. ஒரு மனுசன் மானத்தவிட சஸ்பென்ஸ் பெரிசா போச்சு. நீங்க தீர்ப்பப் படிங்கம்மா. தீர்ப்பு யாருக்கும் சத்தியம் பண்ணிக் குடுக்கலல்லா?”

காபி கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஒரு சாட்சி இருந்திருக்கிறார். பதின்மூன்று வருஷமாக ஆலடி விலக்கில் பரோட்டா வீசிக்கொண்டு இருந்திருக்கிறார்.

ஆவணி 30, திங்கள்

திசையன்விளையில் பஸ் மாறித் திருச்செந்தூர் போனேன். கோயிலுக்கு என்று அவரிடம் சொன்னேன். அதனால் முதலில் கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு, பிறகு வக்கீல் ஆபீசுக்குப் போனேன்.

கேஸ் நடத்திய வக்கீல் ஜெயசிங் தவறிவிட்டார். அவர் மகள் பிளசி இப்போது அதே நாற்காலியில் இருக்கிறாள். பேரைச் சொன்னதுமே எழுந்து நின்றாள்.

“அக்கா, தீர்ப்பு ஒங்ககிட்ட இல்லயா? அப்பா அன்னைக்கே அண்ணன் கையில ஒரு காப்பி குடுத்தாங்களே!”

“வீடு மாத்தும்போது தொலஞ்சிருக்கும்” என்றேன்.

“படத்துக்காரங்களும் எங்கிட்டத்தான் ஜெராக்ஸ் வாங்கிட்டுப் போனாங்க. அறுபத்தோரு பக்கமும் முழுசாக் குடுத்தேன். நாப்பத்தி மூணாம் பக்கத்தப் படிச்சாங்களா, இல்ல அதுல வடையப் பொதிஞ்சு தின்னாங்களான்னு தெரியல.” கேஸ் கட்டைத் தேடி எடுத்தாள். “நோட்டீஸ் விடுவோம்க்கா. விட்டத வெட்டுனதச் சேத்துப் போடச் சொல்லுவோம். அண்ணன ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க. நீங்க மொதல்ல நாப்பத்தி மூணப் படிங்க. இங்கேயே படிங்க, நான் டீ சொல்லுதேன்.”

“வீட்ல போய்ப் படிக்கேன்” என்றேன்.

பஸ்ஸில் கட்டு மடியில் இருந்தது. பிரிக்கவில்லை.

ஆவணி 31, செவ்வாய்

பித்தளைப் பாத்திரங்கள் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்தேன். பரணைத் துடைத்தேன். அரிசியில் கல் பார்த்தேன். மில் அரிசி, கல் கிடையாது. கட்டு சாமி அலமாரியில் இருக்கிறது.

நிலா மூன்று தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

புரட்டாசி 1, புதன்

முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். எதையும் நடுவில் திறப்பது எனக்குப் பழக்கமில்லை. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது நாலு வகுப்பு. மிச்சத்தை நிலாவோடு சேர்ந்து, அவளுடைய ஒன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பத்தாம் வகுப்பு வரை படித்தேன். அவள் தூங்கிய பிறகு அவள் வீட்டுப்பாடத்தை நானும் ஒரு நோட்டில் எழுதிப் பார்ப்பேன். ஆனாலும் இந்தக் கோர்ட்டுத் தமிழ் வேறு மாதிரி இருக்கிறது. வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்துக்கொண்டு படித்தேன்.

பக்கத்துக்குப் பக்கம் அவரை ‘எதிரி’ என்று எழுதியிருக்கிறார்கள். யாருக்கு எதிரி என்று முதலில் புரியவில்லை.

பதினெட்டாம் பக்கம்: சந்தில் காளியைப் பார்த்த பெண். முப்பத்தோராம் பக்கம்: சேலை எதிரியுடையது, அதில் இருப்பது இறந்தவரின் ரத்த வகை. இரண்டும் படத்தில் வந்ததுதான். அப்படியானால் படத்தில் பொய் ஒன்றும் இல்லை.

முப்பத்திரண்டில் அடையாளம் வைத்து மூடினேன். ராகு காலம் வந்துவிட்டது என்று ஒரு காரணம்.

புரட்டாசி 2, வியாழன்

காலை பத்து மணிக்குப் படித்தேன். அப்படியே எடுத்து எழுதுகிறேன், ஒரு எழுத்து மாற்றாமல்.

“எதிரி தரப்பில் ஒன்றாம் சாட்சியாக விசாரிக்கப்பட்ட உதுமான் என்பவர், சம்பவ தினத்தன்று மாலை சுமார் ஆறரை மணி முதல் எட்டு மணி வரை, சம்பவ இடத்திலிருந்து பதினான்கு கிலோமீட்டர் தொலைவில் உள்ள தமது பரோட்டாக் கடையில் எதிரி அமர்ந்து ஐந்து பரோட்டாவும் அரைக் கோழியும் உண்டதாகவும், எதிரியின் காதுக்குப் பின்புறம் நீலச் சாயம் இருந்ததாகவும், வலது கையில் காப்பு இருந்ததாகவும் சாட்சியம் அளித்துள்ளார்.

இரண்டாம் சாட்சி, அன்று திருவிழாப் பாதுகாப்புப் பணியில் இருந்த தலைமைக் காவலர். தாம் அதே பெஞ்சில் எதிரியின் அருகே அமர்ந்து உணவு உண்டதாகவும், காப்புக் கட்டிய கையால் கோழிக் காலைக் கடித்ததைக் கண்டு அதிர்ச்சியுற்று, ‘காப்புக் கட்டிக்கிட்டுக் கோழி திங்கியேல, வெளங்குவியால?’ என்று எதிரியைக் கண்டித்ததாகவும், எதிரி அழுதுகொண்டே மேலும் ஒரு பரோட்டா கேட்டதாகவும் கூறுகிறார். காவலர் எதிரிக்கு உறவினரோ வேண்டியவரோ அல்லர்.

இத்தனை காலம் கழித்து இச்சாட்சிகள் எதிரியை எவ்வாறு நினைவில் வைத்திருக்க இயலும் என்று அரசுத் தரப்பு வினவியது. தசரா நாட்களில் காளி வேடத்திற்குக் காப்புக் கட்டிய ஒருவர் பொது இடத்தில் அசைவம் உண்பது அப்பகுதியில் எவரும் மறக்கக்கூடிய காட்சி அன்று என இந்நீதிமன்றம் கருதுகிறது. எதிரி குடிலில் கழற்றி வைத்துச் சென்ற வேடத்தை வேறு எவரோ அணிந்து இக்குற்றத்தைப் புரிந்துள்ளார். சம்பவ நேரத்தில் எதிரி அவ்விடத்தில் இருந்திருக்கவே இயலாது.”

இருந்திருக்கவே இயலாது.

மூன்று தடவை படித்தேன். அப்புறம் சிரித்தேன். எனக்கே பயம் வரும்படி சிரித்தேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தேன். அது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. சோறு குழைந்துவிட்டது. அதைக் கஞ்சியாக்கிவிட்டு, பட்டப்பகலில் தரையில் அப்படியே படுத்துத் தூங்கினேன். எழுந்தபோது மணி மூன்று. இந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் பகலில் தூங்கியது இன்றுதான்.

எழுந்ததும் கோபம் வந்தது. அரைக் கோழி! அரைக் கோழியைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு என்னை இப்படி...

அந்த வரியை முடிக்கப்போவதில்லை.

இன்னொன்றும் தோன்றுகிறது. விரதத்தை ஒழுங்காகக் காத்துக் குடிலிலேயே தனியாகப் படுத்திருந்தால், இவருக்கு ஒரு சாட்சியும் இருந்திருக்காது. தூக்கில் போட்டிருப்பார்கள். அம்மனுக்குச் செய்த குற்றமே இவரைக் காப்பாற்றியிருக்கிறது. இதைப் பாவத்தில் வைப்பதா, அருளில் வைப்பதா? எனக்குத் தெரிந்த போற்றி எதிலும் இதற்கு இடமில்லை.

ஞானபெருமாள் மனைவியையும் நினைத்துக்கொண்டேன். அவளுக்கு எந்தப் பக்கத்திலும் ஆறுதலாக ஒரு வரி இல்லை. அவளுக்காக ஒரு விளக்கு ஏற்றினேன்.

சாயங்காலம் நிலாவைக் கூப்பிட்டு, “ஒங்கப்பா செய்யல” என்றேன்.

“அன்னைக்கு ஏம்மா இத இப்படிச் சொல்லல?” என்றாள்.

“அன்னைக்குப் பால் பொங்கிருச்சு” என்றேன். “இப்ப அடுப்ப அமத்திட்டீங்கல்லா, முழுசாச் சொல்லுங்க” என்றாள். சொன்னேன். லெக் பீஸ் வரும் இடத்தில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

புரட்டாசி 3, வெள்ளி

காலையில் நாற்பத்து மூன்றாம் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வனசுந்தரியிடம் கொடுத்தேன். “கண்ணு சரியாத் தெரியல, இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க” என்றேன். அவள் வாசித்தாள். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். மறுபடி வாசித்தாள்.

“அஞ்சு பரோட்டாவா!” என்றாள்.

“கடைசில இன்னொண்ணு. ஆறு.”

“அட பாவி மனுசா! அந்த ஏட்டு என்ன கேள்வி கேட்டிருக்காரு பாத்தீங்களா?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, “இந்தத் தாள நான் வச்சுக்கிடட்டா? சங்கரவேலு அண்ணாச்சிக்கும் கண்ணு சரியாத் தெரியாது” என்றாள்.

அதற்குத்தான் கொடுத்தேன். எங்கள் தெருவில் வனசுந்தரியிடம் ஒன்றைச் சொன்னால் மைக் செட்டுக்குக் கொடுத்த மாதிரி.

பூஜைக்குப் பத்தொன்பது விளக்கு. போற்றி நான்தான் சொன்னேன். ஒன்றும் விடவில்லை. ரைஸ்மில் தெரு மருமகள் ஒருத்தி சுண்டலை வாங்கிக்கொண்டு, “எங்க வீட்டுக்காரரும் மாலை போட்டுட்டு ஆம்லெட் தின்னவருதான் அக்கா, ஏட்டுதான் பாக்கல” என்றாள்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

புரட்டாசி 4, சனி

ஆரம்பிக்க வேண்டிய வேலையை எனக்கு யாரும் மிச்சம் வைக்கவில்லை.

மண்டியில் இன்று லோடுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இறக்கிவிட்டு டீக்கடையில் நின்றவரிடம் யாரோ, “என்ன அண்ணாச்சி, வடை போதுமா, லெக் பீஸ் சொல்லவா?” என்று கேட்டிருக்கிறார்கள். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

மதியம் ஒரு மணி. நான் பெருமாளுக்கு மாவிளக்கு இடித்துக்கொண்டிருந்தேன். வாசலிலேயே நின்றார். செருப்பைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“யாரு சொன்னா? பாயா?”

“பாய் ஒண்ணுஞ் சொல்லல. தீர்ப்பு சொல்லிச்சு.”

உள்ளே வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். உரலுக்கு அந்தப் பக்கம். அவ்வளவு பக்கத்தில் அவர் உட்கார்ந்து எத்தனையோ நாளாயிற்று.

“பதினோரு ஊரு நடந்தோம்ட்டி அன்னைக்கி” என்றார். “எட்டு கை. தகரம். தோள் பிஞ்சு போச்சு. தலவலின்னு சொல்லிட்டுக் குடில்ல வேஷத்தக் கழத்திப் போட்டுப் படுத்தேன். மத்தவுக மேலத்தெருவுக்குப் போயிட்டாவ. வெளிய பைக் நின்னுச்சு. சத்தியமா எனக்குத் தெரியாது, கால் தானாப் போச்சு. ஆலடி விலக்குல போய்த்தான் நின்னுச்சு. மொதக் கடில நிலா மூஞ்சி தெரிஞ்சுது. நிறுத்தியிருக்கணும். நிறுத்த முடியல.”

நான் இடிப்பதை நிறுத்தவில்லை.

“மறுநா போலீஸ் வந்து நிக்கும்போது நெனச்சேன், அம்மா கணக்க முடிச்சிட்டான்னு. ஜெயில்ல நிலாவுக்கு ஆபரேஷன்னு சொன்னாங்கல்லா, அன்னைக்கி ராப்பகலா அவகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். நான் தின்னதுக்கு என்னைய வச்சுக்கோ, பிள்ளைய விட்டுருன்னு. விட்டுட்டா. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியோட ஒங்கிட்டச் சொல்லுவேன்? நீ நேந்த நேத்தி. பிள்ள உசுருக்குக் கட்டுன காப்பு. அந்தக் கையால கோழியத் தின்னேன்னு...”

“அதுக்கப்புறம் கறியே தொடல.”

“எப்படித் தொட?”

மாவு வாசனை வந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: “ஆனா ஒனக்கு அன்னைக்கே தெரிஞ்சிபோச்சின்னு எனக்குத் தெரியும். ஜெயில்ல என்னையப் பாக்க வந்தப்பமே ஒங் கண்ணுல பாத்தேன். யாரோ சொல்லியிருக்காங்க, இல்லாட்டி அம்மாளே கனவுல வந்து சொல்லிருக்கான்னு நெனச்சேன். பதிமூணு வருசமா நீ எம் பக்கத்துல உக்காரல. கையில ஒண்ணு வாங்கல, கையில ஒண்ணு குடுக்கல. ஞாயந்தான். நான் ஒரு நாளாவது ஏன்னு கேட்டேனா? கேக்கல. எவ்வளவு பெரிய குத்தத்துக்கு எவ்வளவு பெரிய கோவம் வரும்னு எனக்குத் தெரியாதா?”

உலக்கை என் கையிலேயே நின்றது.

நிமிர்ந்து பார்த்தார். “கோழிக்குத்தானட்டி இத்தன கோவம்?”

அவர் கேட்டது கேள்வி மாதிரியே இல்லை. ஆனாலும் பதிலுக்குக் காத்திருந்தார். ஜெயிலில் வலைக்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபோதும் இப்படித்தான் பார்த்தார். அன்றைக்கு அந்தக் கண்ணில் நான் வேறு ஒன்றைப் படித்தேன்.

“பின்ன வேற எதுக்கு?” என்றேன்.

பெரிதாக ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சோடு அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன். “இனிமே?” என்றார்.

“நாளைக்கி குலசைக்குப் போவோம். அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. நானும் பக்கத்துல நிக்கேன். வார வழில ஆலடி விலக்குல பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லி, பாய்க்கு ஒரு நல்ல வேட்டி குடுக்கணும். அந்த நோட்டீஸ்ல கையெழுத்துப் போடணும். போய்க் குளிச்சிட்டு வாங்க, மாவெளக்கு ஏத்தணும்.”

எழுந்து போனார்.

நான் சாமி அலமாரி முன்னால் போய் நின்றேன். அம்மா, இப்போது சொன்னது பொய். அறிந்தே சொன்னேன். பதின்மூன்று வருஷம் நான் அவரை என்னவாக நினைத்தேன் என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவருக்குத் தெரிய வேண்டாம். அவர் கோழியைச் சொல்ல வெட்கப்பட்டது இப்போது எனக்குப் புரிகிறது. இதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். பொய்யை மட்டும் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லாதே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு மேலே அவர் பாடுகிறார். தசரா மேளத்துக்குப் பாடும் பாட்டு. சுருதியும் இல்லை, பாதி வரி மறந்தும் போயிருக்கிறது. இவர் பாடுவார் என்பதே எனக்கு நினைவில்லை. இந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, விளக்குக்கு மாவு பிடிக்கப் போகிறேன்.

புரட்டாசி 5, ஞாயிறு

கிழிக்கவில்லை. நிலா படிக்கட்டும். அவள்தான் அன்றைக்குக் கேட்டாள், கோர்ட்டை இல்லை, என்னை. பதில் தாமதமாகிவிட்டது.

ஆறு மணி பஸ். இரண்டு பேருக்கும் புளியோதரை கட்டிவிட்டேன்.